ஆற்றில் மிதக்கும் மின்தெப்பம்

"ஆறு ராத்திரியெல்லாம் ஓடுதே அப்பா, விளக்கு மட்டும் ஏன் பத்து மணிக்கு அணைஞ்சிடுது?"

நான் சிறுவனாக இருந்தபோது என் தந்தையாரிடம் கேட்ட கேள்வி இது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். அதில் எங்கள் லயம். லயத்தின் பின்புறம் ஐந்து நிமிடம் நடந்தால் ஆறு. தோட்டத்து மின்பொறி மாலை ஆறு மணிக்கு உறுமத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு ஓய்ந்துவிடும். பொறியின் ஓசை அடங்கியதும் ஆற்றின் ஓசை தெளிவாகக் கேட்கும். அதன்பின் படிக்க வேண்டுமானால் மண்ணெண்ணெய் விளக்கே துணை.

விடியற்காலை முதல் பால்மரம் வெட்டிக் களைத்திருந்த அப்பா, சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்குத் தெரியாதுப்பா. நாளைக்கு வாத்தியாரைக் கேளு" என்றார். மறுநாள் கேட்டேன். வாத்தியார் சிரித்தார். "முதலில் பாடத்தைப் படி" என்றார். கேள்வி அன்றோடு நின்றுவிட்டது.

இன்று நானே வாத்தியாராக இருக்கிறேன். ஒரு தோட்டப் பள்ளியின் தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறேன். குடியிருப்பது ஈப்போவை அடுத்த புந்தோங்கில். அண்மையில் அறிவியல் பாடத்தில் நீர்மின்சாரம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "அணை கட்டினாத்தான் கரண்ட் வருமா ஐயா? ஆறு சும்மா ஓடுறப்பவே எடுக்க முடியாதா?" என்று கேட்டாள். "பாடத்தைப் படி" என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குச் சொல்லத் தேடிய விடையையே ஆசிரிய அன்பர்களுக்கும் இங்கே சொல்ல விழைகிறேன்.

அணை செய்யும் வேலை

ஆற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1900ஆம் ஆண்டிலேயே பகாங் மாநிலத்து ரவுப்பில், தங்கச் சுரங்க நிறுவனம் ஒன்று செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் அமைத்தது. தமிழர் பல்லாயிரவர் உழைத்த கோலார் தங்க வயலுக்கு 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் சென்றது. நம் பேராக் மாநிலத்தில் 1930இல் செண்டரோ அணை இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களை ஓட்டியது. தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிப் பொருளாக நிற்கும் ஈயக் கப்பலைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1938இல் கட்டப்பட்டது, 4,500 டன் எடை, அதுவும் மின்சாரத்தால் இயங்கியதே.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஆற்றின் ஆற்றல் முதலில் சென்ற இடம் சுரங்கம். பெருஞ்செலவு செய்து அணையும் கம்பியும் அமைக்கக்கூடியவர்கள் அவர்களே. லயத்து வீட்டிற்கு அந்த வெளிச்சம் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

அணை என்ன செய்கிறது? நீரை உயர்த்தித் தேக்குகிறது. உயரத்திலிருந்து விழும் நீர் சுழலியைச் சுற்றுகிறது. உயரம் எவ்வளவோ அவ்வளவு ஆற்றல். ஆனால் உயரத்தை உண்டாக்கக் கல்லும் சிமெண்டும் வேண்டும். காடும் நிலமும் நீரில் மூழ்க வேண்டும். சில வேளைகளில் ஊரே இடம் பெயர வேண்டும்.

மிதக்கும் மின்தெப்பத்திற்கு உயரம் வேண்டியதில்லை. நீர் ஓடுகிறதே, அந்த ஓட்டத்தையே அது பிடித்துக்கொள்கிறது. காற்றாலைக்குக் காற்று எப்படியோ, அப்படியே இதற்கு ஆற்று நீர். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி மிக்கது. ஆகவே நொடிக்கு 1 மீட்டர் விரைவில் ஓடும் நீரில், நொடிக்கு 9 மீட்டர் விரைவில் வீசும் பலமான காற்றில் உள்ள அளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது.

ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு வரலாறு

இந்த எண்ணம் மிகப் பழையது. கி.பி. 537இல் கோத் இனத்தார் ரோமாபுரியை முற்றுகையிட்டபோது, நகருக்கு நீர் கொண்டுவந்த வாய்க்கால்களை வெட்டிவிட்டார்கள். அந்நீரால் ஓடிய மாவு ஆலைகள் நின்றன. நகரத்தார் உணவுக்கு என்ன செய்வது? படைத்தலைவன் பெலிசாரியஸ் டைபர் ஆற்றில் இரண்டிரண்டு படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, அவற்றின் இடையே சக்கரத்தை மாட்டினான். ஆறு சக்கரத்தைச் சுற்றியது, சக்கரம் திரிகைக் கல்லைச் சுற்றியது, மாவு கிடைத்தது.

பின்னர் பாக்தாது நகரத்து டைகிரிஸ் ஆற்றிலும், ஐரோப்பாவின் டான்யூப், ரைன், போ முதலிய ஆறுகளிலும் இத்தகைய மிதக்கும் ஆலைகள் பல நூற்றாண்டுகள் ஓடின. நீர்மட்டம் ஏறினால் தாமும் ஏறும். இறங்கினால் தாமும் இறங்கும். கரையில் நாட்டிய சக்கரத்திற்கு இல்லாத சிறப்பு இது. நீராவி ஆலைகள் தோன்றியதும், நீராவிக் கப்பல்களுக்கு ஆற்றில் வழிவிட வேண்டி வந்ததும் இவை மறையக் காரணமாயின.

நம் காலத்திலும் இந்த எண்ணம் உயிர் பெற்றது. 1970களின் பிற்பகுதியிலும் 1980களின் தொடக்கத்திலும், பீட்டர் கார்மன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் ஜூபா நகரருகே வெள்ளை நைல் ஆற்றில் மிதக்கும் சுழலிகளை அமைத்துச் சோதித்தார். ஜூபா இன்று தென் சூடானின் தலைநகரம். தெப்பத்தைக் கரையில் நாட்டிய கம்பத்தோடு கம்பி வடத்தால் கட்டினார்கள். சுழலி ஆற்று நீரை இறைத்துக் கரையோரத் தோட்டங்களுக்குப் பாய்ச்சியது. எண்ணெய் வாங்க வழியில்லாத இடத்தில் ஆறே தன் நீரைத் தானே கரையேற்றிக் கொடுத்தது.

விரைவின் கணக்கு

இனி, ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுத வேண்டிய பகுதிக்கு வருவோம். ஓடும் நீரில் எவ்வளவு ஆற்றல் உண்டு? கணக்கு எளிது. விரைவை மூன்று முறை ஒன்றோடொன்று பெருக்குங்கள். சக்கரம் நீரை மறிக்கும் பரப்பைச் சதுர மீட்டரில் கொண்டு அதனோடு பெருக்குங்கள். கடைசியாக 500ஆல் பெருக்குங்கள். விடை வாட் கணக்கில் வரும்.

பரப்பு 1 சதுர மீட்டர் என்று கொள்வோம். நொடிக்கு அரை மீட்டர் ஓடும் நீரில் 62 வாட். நொடிக்கு 1 மீட்டர் என்றால் 500 வாட். ஒன்றரை மீட்டர் என்றால் 1,687 வாட். 2 மீட்டர் என்றால் 4,000 வாட். விரைவு இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகிறது! அகன்று அமைதியாக ஓடும் பேராறு கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும். சக்கரத்திற்கோ பாறைகளிடையே பாய்ந்து வரும் சிற்றாறே பெரிது.

இந்த ஆற்றல் முழுவதும் நம் கைக்கு வராது. நீரின் ஓட்டத்தை முழுவதும் பறித்துவிட்டால் அது சக்கரத்தின் பின்னே தேங்கி நிற்கும். அடுத்து வரும் நீருக்கு வழி இராது. ஜெர்மானிய அறிஞர் பெட்ஸ் இதைக் கணக்கிட்டு 1919இல் ஓர் எல்லை வகுத்தார். தடையின்றி ஓடும் நீரிலோ காற்றிலோ நூற்றுக்கு 59 பங்குக்கு மேல் எந்தச் சுழலியும் எடுக்க இயலாது. உராய்வு, மின்னாக்கியின் இழப்பு ஆகியவற்றையும் கழித்தால், நாம் செய்யும் சிறு தெப்பத்தில் காற்பங்கு கிடைத்தாலே நல்ல வேலைப்பாடு எனலாம். அதாவது நொடிக்கு 1 மீட்டர் ஓடும் ஆற்றில், 1 சதுர மீட்டர்ச் சுழலி தருவது 125 வாட்.

ஆகவே தெப்பம் கட்டுமுன் ஆற்றை அளக்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கரையில் 10 மீட்டர் அளந்து இரு கழிகளை நடுங்கள். பாதி நீர் நிரப்பி மூடிய ஒரு போத்தலை, முதற்கழிக்குச் சற்று மேலே நடு ஓட்டத்தில் விடுங்கள். ஒரு கழியிலிருந்து மறு கழிக்குச் செல்ல எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். மூன்று முறை செய்து சராசரி காணுங்கள். 10 நொடியானால் விரைவு நொடிக்கு 1 மீட்டர். 20 நொடியானால் அரை மீட்டர். மழைக்காலத்தில் ஒரு நாளும் வறண்ட காலத்தில் ஒரு நாளும் அளப்பது நன்று. வறண்ட கால அளவே நாம் நம்பத்தக்க அளவு.

தெப்பத்தின் உறுப்புகள்

முதலாவது, மிதவை. இரண்டு மிதவைகளை இணையாக வைத்துச் சட்டத்தால் பிணைக்க வேண்டும். இடையே சுழலி இருக்கும். 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய்கள் நான்கு இருந்தால், அவை பாதியளவு மூழ்கிய நிலையில் 400 கிலோ எடையைத் தாங்கும். பீப்பாயின் தட்டையான முகம் நீரை முட்டும். ஆகவே முன்புறம் படகின் மூக்குப்போல் கூராக ஒரு தகடு அமைப்பது நலம்.

இரண்டாவது, சுழலி. துடுப்புச் சக்கரம் செய்வதற்கு எளிது. ஆனால் மெதுவாகச் சுற்றும். ஒரு மீட்டர் விட்டமுள்ள துடுப்புச் சக்கரம், நொடிக்கு 1 மீட்டர் ஓடும் நீரில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 8 சுற்றுத்தான் சுற்றும். கப்பலின் விசிறிபோன்ற இறக்கைச் சுழலியோ அதே நீரில் நிமிடத்திற்கு 60 சுற்றுக்கு மேல் சுற்றவல்லது. இறக்கையின் வளைவைச் செம்மையாகச் செதுக்குவதுதான் கடினம்.

மூன்றாவது, மின்னாக்கி. காந்தத்தின் அருகே கம்பிச்சுருள் அசைந்தால் அதில் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். அசைவு விரைவானால் மின்னழுத்தம் கூடும். சாதாரண மோட்டார் வண்டியின் மின்னாக்கி நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான சுற்றுகளை எதிர்பார்க்கும்; ஆற்றுச் சக்கரம் அவ்வளவு கொடுக்காது. ஆகவே, மெதுவாகச் சுற்றினும் மின்சாரம் தரும் நிலைக்காந்த மின்னாக்கியே இதற்கு ஏற்றது. சுற்றைப் பெருக்கப் பல்சக்கரமோ பட்டையோ சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும் ஒவ்வோர் இணைப்பும் தன் பங்கை உராய்வாக எடுத்துக்கொள்ளும்.

நான்காவது, வடம். பலரும் கருத்தில் கொள்ளாத உறுப்பு இதுவே. நொடிக்கு 1 மீட்டர் ஓடும் நீர், ஒரு சதுர மீட்டர்ச் சுழலியை ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமமான விசையால் இழுக்கும். வெள்ளத்தில் விரைவு 3 மீட்டரானால் இழுப்பு ஒன்பது மடங்காகி 400 கிலோவை எட்டும். மிதவைகளின் மேல் விழும் இழுப்பும், அடித்து வரும் மரக்கட்டையின் மோதலும் இதற்கு மேல். ஆகவே வடத்தை வெள்ள நாளுக்கென்றே தேர்ந்தெடுக்க வேண்டும். 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தை நினைவில் வைத்திருக்கும் பேராக் மாநிலத்தாருக்கு இதைச் சொல்லவும் வேண்டுமோ? வடம் நீளமாகவும் இருக்க வேண்டும். குறுகினால் தெப்பத்தின் மூக்கைக் கீழே இழுத்துவிடும்.

ஐந்தாவது, குப்பைத் தடுப்பு. தெப்பத்தின் முன்னே முக்கோண வடிவில் சாய்வான கம்பிகள் அமைத்தால், இலையும் கிளையும் இருபுறமும் விலகிச் செல்லும். நேராக நிறுத்திய வலை ஒரு மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும்.

கரையில் மின்கலம் வேண்டும். பகலில் கிடைக்கும் மின்சாரத்தை இரவுக்குச் சேமிப்பது அதுவே. கலம் நிறைந்தபின் மின்சாரத்தை வேறு வழியில், எடுத்துக்காட்டாக நீரைச் சூடாக்கும் கம்பிச்சுருளில், செலவழிக்க ஏற்பாடு வேண்டும். இல்லையேல் சுமையிழந்த சுழலி கட்டுக்கடங்காமல் சுற்றும். தெப்பம் கரையிலிருந்து தொலைவில் இருந்தால் 12 வோல்ட்டைவிட 48 வோல்ட் சிறந்தது. மின்னழுத்தம் நான்கு மடங்கானால், அதே கம்பியில் வீணாகும் ஆற்றல் பதினாறில் ஒரு பங்காகக் குறையும்.

எங்கள் பள்ளியின் முயற்சி

மேற்சொன்னவற்றில் சிலவற்றை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். பள்ளிக்கு அருகே முழங்கால் ஆழத்தில் ஓர் ஓடை. கேள்வி கேட்ட மாணவியும் அவள் தோழர்களும் பிளாஸ்டிக் போத்தல்களைச் சேர்த்து ஒரு சிறு தெப்பம் கட்டினார்கள். துடுப்பு 30 சென்டிமீட்டர் அகலம், நீரில் 20 சென்டிமீட்டர் ஆழம். முதலில் மிதிவண்டியின் விளக்குப் பொறியைப் பொருத்தினோம். சக்கரம் சுற்றியது, விளக்கு எரியவில்லை. அந்தப் பொறி கேட்ட விரைவை எங்கள் சக்கரத்தால் கொடுக்க முடியவில்லை.

பிறகு பழைய அச்சுப்பொறியிலிருந்து கழற்றிய சிறு மோட்டார் ஒன்றைப் பட்டை போட்டு இணைத்தோம். மெதுவாகச் சுற்றினாலும் மின்சாரம் தரக்கூடியது அது. இம்முறை சக்கரமே திணறி நின்றுவிட்டது. மாணவர்களின் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் அளக்கச் சொன்னேன். போத்தல் 10 மீட்டர் செல்ல 25 நொடி. விரைவு 0.4 மீட்டர். கணக்குப் போட்டார்கள். நீரில் இருந்ததே 2 வாட்டுக்கும் குறைவு!

"ஐயா, அந்தப் பாறைக்குப் பக்கத்துல தண்ணி வேகமா போகுது" என்றான் ஒருவன். அங்கே அளந்தோம். நொடிக்கு 1 மீட்டர். விரைவு இரண்டரை மடங்கு. ஆற்றலோ பதினைந்து மடங்குக்கு மேல், 30 வாட். தெப்பத்தை அங்கே கட்டினோம். சக்கரம் சுற்றியது. சிறிய சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிற்று. பிறகு நிலையாக எரிந்தது. பிள்ளைகள் எழுப்பிய ஒலியில் ஓடையின் ஒலி எனக்குக் கேட்கவில்லை.

அன்று மாலை தெப்பத்தை அவிழ்க்காமல் வீடு திரும்பினோம். அவ்விரவு மழை கொட்டியது. காலையில் மரத்தில் கட்டிய கயிற்றின் அறுந்த நுனி மட்டும் இருந்தது. வடத்தைப் பற்றி மேலே சற்று நீட்டி எழுதியதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

எங்கே பொருந்தும்? எங்கே பொருந்தாது?

புந்தோங்கில் சுங்கை பாரி ஓடுகிறது. சென்று கிந்தா ஆற்றில் கலக்கிறது. மழையில்லாத ஒரு நாளில் கரையில் நின்று பார்த்தேன். மிதந்து வந்த போத்தல் நொடிக்கு அரை மீட்டரளவே சென்றது. போத்தலை நான் விடவில்லை. யாரோ வீசிய போத்தல்! அதன் பின்னே பைகளும் மட்டைகளும் வந்தன. அந்த விரைவில் ஒரு சதுர மீட்டர்ச் சுழலி 15 வாட்தான் தரும். அதையும் குப்பை அரை நாளில் நிறுத்திவிடும். நகரத்தில் கம்பி வழியே மின்சாரம் இருக்கிறது. இங்கே தெப்பம் ஒரு பாடக்கருவியே. ஆயினும் எத்தகைய பாடம்! குப்பை வீசும் ஆற்றில் விளக்கு எரியாது என்பதை ஒரு மணி நேரச் சொற்பொழிவைவிட அது நன்றாக உணர்த்தும்.

மின்கம்பி எட்டாத உட்பகுதிச் சிற்றூர்களின் நிலை வேறு. மலையடிவாரத்தில் ஆறு விரைந்து ஓடுகிறது; ஓராங் அஸ்லி மக்களின் சில குடியிருப்புகள் எண்ணெய்ப் பொறியை நம்பியிருக்கின்றன. அத்தகைய இடத்தில் தெப்பம் பெருந்துணையாகும். கதிரவன் ஒளித் தகடு இன்று மலிவாகவும் எளிதாகவும் கிடைப்பது உண்மையே. ஆனால் அது இரவில் உறங்கும். அடைமழை நாளில் சோரும். ஆறு இரவும் பகலும் உழைக்கும். மழை நாளில் மேலும் உழைக்கும். இரண்டையும் ஒரே மின்கலத்தில் இணைத்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும்.

முயல்வோர் ஒன்றை மறக்கலாகாது. ஆறு பொதுச் சொத்து. உரிய அதிகாரிகளின் இசைவு பெறாமல் வடம் கட்டக் கூடாது. படகுக்கும் மீனுக்கும் வழி விட வேண்டும். பிள்ளைகளோடு செய்யும் சோதனை முழங்கால் ஆழத்திற்கு மேல் போகவே கூடாது.

அப்பாவுக்கு ஒரு விடை

என் பழைய கேள்விக்கு வருகிறேன். அக்காலத்தில் எங்கள் ஆற்றில் ஒரு தெப்பம் இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? நொடிக்கு 1 மீட்டர் விரைவு என்று தாராளமாகவே கொள்வோம், 125 வாட். அன்று லயத்தில் எரிந்தவை 40 வாட் குண்டு விளக்குகள். மூன்று விளக்கு எரிந்திருக்கும். இருபது வீட்டு லயத்திற்கு மூன்று விளக்கு! ஆக, அன்றைக்கு ஆறு சும்மா ஓடியதற்கு ஒரு காரணம் இருந்தது.

இன்று அதே வெளிச்சத்தை 5 வாட் எல்.இ.டி. விளக்கு தருகிறது. அதே ஆறு, அதே சுழலி, அதே 125 வாட். எரிவனவோ இருபத்தைந்து விளக்குகள். வீட்டுக்கு ஒன்று போக, வழிக்கும் ஐந்து மிச்சம். ஆறு மாறவில்லை, விளக்கு சிக்கனமாகிவிட்டது. பெரும்பொருள் உள்ளவர்களுக்கே ஆறு பணி செய்யும் என்றிருந்த நிலை இதனால் மாறக்கூடும்.

இந்த விடையைக் கேட்க என் தந்தையார் இன்று இல்லை. கேள்வி கேட்ட மாணவி இருக்கிறாள். அவளும் தோழர்களும் இரண்டாவது தெப்பத்திற்குப் போத்தல் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இம்முறை முதலில் வாங்கியது நல்ல கயிறு.